டிஎன்ஏ ரிப்போர்ட்ல கீமோகைன் ஜீன் வந்தா எப்படி படிக்கணும்

சிசிஆர்6ங்கற ஜீன்ல வேரியன்ட் (சின்ன மாற்றம்) இருக்கு, முடக்குவாதம் (மூட்டு வீங்குற ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ், சுருக்கமா ஆர்ஏ) வர ரிஸ்க் 20 சதவீதம் அதிகம்னு ரிப்போர்ட்ல சிவப்புல போட்டிருந்தா பயந்துடாதீங்க, எதைவிட அதிகம்னு முதல்ல பாருங்க. முடக்குவாதம் 100 பேர்ல சுமார் ஒருத்தருக்கு வர்ற நோய், அப்போ 1000 பேருக்கு 10 பேர், அந்த வேரியன்ட் இருந்தா 12 பேர்னு வச்சுக்கலாம், மீதி 988 பேருக்கு அதே வேரியன்ட் இருந்தும் வராது. இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க, நிறைய ரிப்போர்ட் இதைச் சொல்றதே இல்ல, எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

அதுக்காக அந்த ஜீன் சும்மானு அர்த்தமில்ல. வெள்ளை அணுக்களை அழற்சி இருக்கிற இடத்துக்குக் கூப்பிடுற புரதம்தான் கீமோகைன். வீங்கின மூட்டுல சிசிஎல்20ங்கற கீமோகைன் சுரக்கும், அதைப் பிடிச்சுக்கிற ஏற்பிதான் சிசிஆர்6, அது இருக்கிற டிஎச்17ங்கற வெள்ளை அணுங்க அதைப் பிடிச்சுக்கிட்டு அங்க வந்து சேரும். 2010ல ஜப்பான்காரங்க டிஎன்ஏவை வச்சுதான் சிசிஆர்6க்கும் முடக்குவாதத்துக்கும் உள்ள தொடர்பை விரிவா காட்டினாங்க.

அடுத்து ஆய்வு யார்கிட்ட பண்ணதுன்னு பாருங்க, இது ரொம்ப முக்கியம். சிசிஆர்5 டெல்டா32னு ஒண்ணு, இன்னொரு கீமோகைன் ஏற்பியோட ஜீன்ல டிஎன்ஏவோட 32 எழுத்து விடுபட்ட வேரியன்ட், ஐரோப்பியர்கள்ல 100க்கு சுமார் 10-20 பேர்கிட்ட ஒரு காப்பி இருக்கும், இந்தியாவுல ரொம்ப அபூர்வம். அது முடக்குவாதத்துல இருந்து கொஞ்சம் காக்குதுன்னு சில ஆய்வு சொன்னாலும் நம்மள்ல பெரும்பாலானவங்களுக்கு அந்த வரியால பிரயோஜனமே இல்ல.

சிசிஎல்3எல்1ங்கற கீமோகைன் ஜீனைப் பார்த்தீங்கன்னா இன்னும் கவனம், இது ஆளுக்கு ஆள் எத்தனை காப்பி இருக்குங்கறதே மாறும், பழைய ஆய்வுங்க நிறைய ரியல்டைம் பிசிஆர்ங்கற டிஎன்ஏ அளக்குற முறையில எண்ணினது, அதுல நோயாளிங்க சாம்பிளையும் மத்தவங்க சாம்பிளையும் வேற வேற விதமா எடுத்து வச்சிருந்தாலே இல்லாத வித்தியாசம் இருக்கற மாதிரி வந்துடும். எப்படி எண்ணினாங்கன்னு எழுதலைன்னா விட்டுடுங்க.

அதே ரிப்போர்ட்ல எச்எல்ஏ-டிஆர்பி1ங்கற நோய் எதிர்ப்பு ஜீனோட ரிஸ்க் வேரியன்ட் இருக்கான்னு தேடுங்க, முடக்குவாதத்துக்கு அதோட பங்குதான் பெருசு, அது இருந்து சிகரெட்டும் பிடிச்சா ரிஸ்க் இன்னும் ஏறும்.

காலையில விரல் மூட்டு அரைமணிக்கு மேல இறுகியே இருந்தா, வீக்கம் வாரக்கணக்கா போகலைன்னா, ஜீன் ரிப்போர்ட் க்ளீனா இருந்தாலும் ருமட்டாலஜி (மூட்டு நோய்) டாக்டர்கிட்ட போங்க, ஆன்டி சிசிபி, ஆர்ஏ ஃபேக்டர், சிஆர்பி மாதிரி ரத்தப் பரிசோதனை எடுக்கணுமான்னு அவங்க பார்த்து சொல்வாங்க.