நிரம்பியே திரும்பிய தண்ணீர் பாட்டில்

பத்து நாட்களாக என் ஆறு வயது மகளுக்குக் காலை ஏழரை மணியானால் வயிற்று வலி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலிக்காது. ஓமத் தண்ணீர் கொடுத்தேன். மருத்துவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். யாராவது அடித்தார்களா, ஆசிரியை திட்டினாரா என்று துருவித் துருவிக் கேட்டதில் அவள் வாயை இறுக மூடிக்கொண்டதுதான் மிச்சம். சாக்லேட் லஞ்சமும் இரண்டு நாள்தான் பலித்தது.

பாட்டிலைக் கழுவும்போதுதான் கவனித்தேன். அரை லிட்டர் தண்ணீர் அப்படியே இருந்தது. "ஏன் கண்ணு குடிக்கவில்லை?" என்றேன்.

"குடித்தால் ஒன்றுக்கு வருமே. அந்தக் கதவு திறக்காதும்மா."

பள்ளிக் கழிப்பறையில் புதுத் தாழ்ப்பாள். ஒருமுறை உள்ளே மாட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள். அந்த வகைத் தாழ்ப்பாளின் பிடியை முதலில் மேலே திருப்ப வேண்டும், பிறகுதான் இழுக்க வேண்டும். இவள் வெறுமனே இழுத்திருக்கிறாள்.

இரும்புக் கடையில் அதே மாதிரி ஒன்றை வாங்கிப் பலகையில் பொருத்திக் கொடுத்தேன். "தூக்கு, இழு" என்று மூன்று மாலை விளையாடினாள். பழகும்வரை கதவருகே நிற்கும்படி ஆயாம்மாவிடமும் சொல்லிவைத்தேன். நான்காம் நாள் பாட்டில் காலியாக வந்தது. அப்பாடா!