சுண்ணாம்பு தாளிக்கும்போது வாளி உருகாமல் இருக்க

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆரம்பாக்கம், பழவேற்காடு பக்கம் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கித் தாளிப்பவர்கள், அதாவது தண்ணீரில் போட்டு நீர்க்க வைப்பவர்கள், கவனிக்க. சூளையில் 900 டிகிரிக்குப் பக்கத்தில் கிளிஞ்சல் உறிஞ்சிக்கொண்ட வெப்பத்தில் ஒரு பகுதி, தண்ணீர் பட்டதும் வெளியே வரும். ஒரு கிலோ நல்ல சுண்ணாம்பு கக்கும் சூடு மூன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். பிளாஸ்டிக் வாளி இளகிவிடும்; அலுமினிய அண்டாவைச் சுண்ணாம்பே அரிக்கும். பழைய இரும்பு டிரம்தான் சரி, அதுவும் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது.

கிலோவுக்கு நாலு லிட்டர் தண்ணீரை முதலில் ஊற்றி, கட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மாற்றிச் செய்து, கட்டி மேல் ஒரு சொம்பு தண்ணீர் தெளித்தால் அந்த இடமே கொதித்துக் கண்ணில் தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பட்டுவிட்டால் தேய்க்காமல் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சீறவே இல்லையா? காற்றின் ஈரத்தில் ஏற்கெனவே நீர்த்துப்போன சரக்கு. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். தாளித்ததை ஒரு ராத்திரி ஊறவிட்டு, துணியில் வடிகட்டுங்கள். இன்னும் நீர்க்காத குறுணை தப்பினால், சுவரில் ஏறிய பிறகு ஊதி, பொட்டுப் பொட்டாகப் பெயரும்.