சுகர் இறங்கினால் கையில் என்ன இருக்க வேண்டும்?

சுகர் இருப்பவர் சர்க்கரை சாப்பிடலாமா? ஒரு நேரத்தில் கட்டாயம் சாப்பிட வேண்டும். இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவருக்குத் திடீரென்று கை நடுங்கி, குப்பென்று வியர்த்து, படபடப்பாக வந்தால் சுகர் இறங்கியிருக்கலாம். சுகர் பார்க்கும் மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். மீட்டர் பக்கத்தில் இல்லையா? தேடிக்கொண்டிருக்காமல் குடித்துவிடுங்கள். 15 நிமிடம் கழித்தும் ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. சரியானதும் இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பால் சுகர் மெதுவாகத்தான் ஏறும்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. வோக்ளிபோஸ், அகார்போஸ் என்ற மருந்துகள் கலந்த சுகர் மாத்திரைகள் சர்க்கரையைக் குடலில் சீக்கிரம் உடைய விடாது. அதனால் அவற்றை எடுப்பவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை கைகொடுக்காது. குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். மாத்திரை அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும், இன்றே பாருங்கள். அப்புறம் ஒரு பாக்கெட் குளுக்கோஸ் வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறி மூச்சு அடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.