ஓகஸ்ட் லீவில் லாப் பக்கம் போகிற பிள்ளைகளுக்கு

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறீர்கள் என்றால், ஓகஸ்ட் விடுமுறை முழுவதையும் டியூசனுக்கே கொடுக்காமல் இரண்டு கிழமையை நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்துக்கு ஒதுக்கப் பாருங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது, வவுனியாப் பக்கம் என்றால் பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம். விளம்பரம் வரட்டும் என்று இருக்காமல் அதிபரின் கடிதத்தோடு ஜூனிலேயே எழுதிக் கேளுங்கள். "ஆராய்ச்சி செய்ய ஆசை" என்று மட்டும் எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். "எங்கள் தோட்டத்துக் கச்சான் வேர்முடிச்சிலிருந்து பக்டீரியாவைப் பிரித்தெடுக்கலாமா" என்று கேட்டால் கதை வேறு.

சரி, கச்சானையே (நிலக்கடலையையே) எடுப்போம். செடியை இழுத்துப் பிடுங்கினால் முடிச்செல்லாம் மண்ணிலேயே தங்கிவிடும், மண்வெட்டியால் மண்ணோடு கிளப்புங்கள். ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், அப்போதுதான் அங்கே நைதரசன் பதித்தல், அதாவது காற்றிலுள்ள நைதரசனைப் பக்டீரியா செடிக்கு உதவும் வடிவத்துக்கு மாற்றும் வேலை, நடக்கிறது. பச்சையாக இருந்தால் வேலை முடிந்துபோன முடிச்சு, விட்டுவிடுங்கள்.

லாப்பில் அதை 70% எதனோலில் அரை நிமிடம் போட்டு, நீர்த்த குளோரின் கரைசலில் கொஞ்ச நேரம் வைத்து, கிருமி நீக்கிய தண்ணீரில் ஐந்தாறு தரம் அலசி, நசுக்கி, ஈஸ்ட் மனிற்றோல் ஏகார் (பக்டீரியா வளர்க்கும் ஊடகம்) தட்டின் மேல் கோடாகக் கீற வேண்டும். கடைசியாக அலசிய தண்ணீரிலும் ஒரு துளியை வேறொரு தட்டில் விடுங்கள். அதில் ஏதாவது முளைத்தால் முடிச்சின் வெளிப்புறம் சுத்தமாகவில்லை, திரும்பச் செய்ய வேண்டியதுதான். இந்தத் தட்டைத்தான் எல்லாரும் மறப்பார்கள்.

ஓட்டோகிளேவ் (அமுக்க நீராவியால் கிருமி நீக்கும் கருவி) 121 பாகையில் 15 நிமிடம் ஓடும். அதை நீங்களாகத் திறக்கவே வேண்டாம்.

அப்புறம், இது கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கிற காலம், யன்னலையும் மின்விசிறியையும் மூடித்தான் தட்டைத் திறக்க வேண்டும். வெக்கை தாங்காமல் நான் ஒருநாள் விசிறியைப் போட்டுவிட்டேன், மூன்றாம் நாள் ஆறு தட்டிலும் கறுப்புப் பூஞ்சணம்.

28 பாகையில், தட்டைக் கவிழ்த்து வையுங்கள். கச்சான் முடிச்சில் பெரும்பாலும் இருப்பது பிரடிரைசோபியம், ஆறுதலாக வளரும் சாதி, ஒரு கிழமையாவது எடுக்கும். இரண்டாம் நாளே பெரிய கூட்டமாக வந்திருப்பது அநேகமாக வேறு ஏதோ, சந்தோசப்படாமல் திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். மூடியைத் திறந்து மணந்து மட்டும் பார்க்காதீர்கள்.