டெக்சாஸுக்குப் புதிதாக வருபவர்களுக்கு: பள்ளி வவுச்சரா, அரசுப் பள்ளியா?

டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இப்போது கேட்பது, "தனியார் பள்ளிக்கு அரசே பத்தாயிரம் டாலர் தருகிறதாமே, வாங்கிவிடலாமா?" என்றுதான். விண்ணப்பிக்கலாம், தப்பில்லை. ஆனால் அதற்கு முன் உங்கள் முகவரிக்குரிய அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள்.

தனியார் பள்ளிச் செலவுக்கு அரசு பணம் தரும் இந்த வவுச்சர் திட்டம், 2025 மே 3 அன்று டெக்சாஸ் ஆளுநர் கிரெக் அபாட் கையெழுத்திட்ட சட்டத்தால் வந்தது. 2026-27 கல்வியாண்டில் நடைமுறைக்கு வருகிறது. ஒதுக்கீடு 100 கோடி டாலர். தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு ஆண்டுக்குச் சுமார் 10,000 டாலர், வீட்டிலேயே கற்பித்தால் 2,000 வரை. பணம் உங்கள் கைக்கு வராது. பிள்ளைக்கென்று திறக்கும் கணக்கிலிருந்து பள்ளிக்குப் போகும், அதுவும் ஜூலை, அக்டோபர், ஏப்ரல் என்று தவணைகளாக. பள்ளி முழுக் கட்டணத்தையும் முன்னதாகக் கேட்டால் அதை எப்படிக் கட்டுவது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் குடிமக்களோடு, சட்டப்படி நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட பிள்ளைகளும் தகுதி பெறுவர் என்கிறது சட்டம். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்4 விசாவில் வந்த பிள்ளைக்குக் கடவுச்சீட்டு, விசாப் பக்கம், நாட்டுக்குள் நுழைந்ததைக் காட்டும் ஐ-94 பதிவு மூன்றையும் எடுத்துவையுங்கள். தகுதி இருந்தாலே பணம் வந்துவிடாது. விண்ணப்பங்கள் அதிகமானால் மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும்தான் முன்னுரிமை. மத்திய அரசின் வறுமைக்கோட்டைப்போல் ஐந்து மடங்கு வருமானம் தாண்டினால் வரிசையின் கடைசி. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 2025 கணக்கில் அது 1,60,750 டாலர். கணவன் மனைவி இருவரும் ஐடி வேலையில் இருந்தால் பெரும்பாலும் இந்தக் கடைசிப் பிரிவில்தான் வருவீர்கள். இந்தப் பிரிவுக்கு மொத்தப் பணத்தில் 20 சதவீதத்துக்கு மேல் கிடையாது. கிடைத்தாலும், பெயர்பெற்ற பல பள்ளிகளின் கட்டணம் 20,000 டாலரைத் தாண்டும். பிள்ளையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதும் பள்ளிதான், நீங்கள் அல்ல.

பிள்ளைக்கு ஆட்டிசமோ கற்றல் குறைபாடோ இருந்தால் நிதானமாகப் படியுங்கள். இப்படிப்பட்ட பிள்ளைக்கு 30,000 டாலர் வரை கிடைக்கலாம். ஆனால் அந்தத் தொகை, உங்கள் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம் தயாரிக்கும் ஐஇபி என்ற தனிக்கல்வித் திட்டத்தை வைத்தே கணக்கிடப்படும். சென்னையில் எடுத்த மருத்துவ அறிக்கை உதவும், அதற்கு ஈடாகாது. இந்தத் திட்டத்துக்கான மதிப்பீட்டை வகுப்பாசிரியரிடம் வாய்ப்பேச்சாகக் கேட்டால் பல மாதங்கள் வீணாகும், ஏனென்றால் காலக்கெடு ஓடத் தொடங்குவது எழுத்தில் கொடுத்தால்தான். "என் பிள்ளைக்குச் சிறப்புக் கல்விக்கான முழு மதிப்பீடு வேண்டும்" என்று தலைமையாசிரியருக்குத் தேதியோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். மாவட்டம் 15 பள்ளி நாட்களுக்குள் பதில் தரவேண்டும். நீங்கள் ஒப்புதலில் கையெழுத்திட்ட பிறகு 45 பள்ளி நாட்களுக்குள் மதிப்பீட்டை முடிக்கவேண்டும். கோடை விடுமுறை இதில் சேராது, ஆகவே செப்டம்பரிலேயே கேளுங்கள்.

தனியார் பள்ளிக்கு மாறிய நாளில் அந்த ஐஇபியை நிறைவேற்றும் கடமை யாருக்கும் இல்லாமல் போகிறது. பேச்சுப் பயிற்சி, தனி உதவியாளர் எல்லாம் அரசுப் பள்ளியில் உங்கள் பிள்ளையின் சட்ட உரிமை. தனியார் பள்ளியில் அவர்கள் ஒப்புக்கொண்டது மட்டும்தான், அதையும் எழுத்தில் வாங்குங்கள். இதைத் தெரியாமல் எந்தப் பெற்றோரும் கையெழுத்துப் போடக்கூடாது.

அரசுப் பள்ளியில் சேர்க்க வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் சிக்குவது தடுப்பூசியில். இந்திய அரசின் அட்டவணையில் சின்னம்மை, ஹெபடைடிஸ் ஏ இரண்டும் இல்லை. தட்டம்மை, ரூபெல்லாவுக்கான எம்ஆர் ஊசியில் பொன்னுக்குவீங்கிக்கான தடுப்பு இல்லை. இங்கே மூன்றும் கட்டாயம். முடிந்தால் புறப்படுமுன்பே போட்டுக்கொண்டு வாருங்கள். வீட்டு மொழிப் படிவத்தில் தமிழ் என்றே எழுதுங்கள். ஆங்கிலம் என்று எழுதினால், ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைக்குக் கிடைக்கவேண்டிய கூடுதல் உதவி கிடைக்காமல் போகலாம். பள்ளி வைக்கும் ஆங்கிலச் சோதனைக்குப் பிறகும் அந்தக் கூடுதல் உதவி வகுப்பு வேண்டாமென்றால் மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

தனி அமைப்புகள் நடத்தும் சார்ட்டர் பள்ளிகளுக்கு வவுச்சர் தேவையில்லை. அவையும் அரசுப் பணத்தில் நடப்பவை, கட்டணம் கிடையாது. இடத்தைவிட விண்ணப்பம் மிகுந்தால் குலுக்கல்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இங்கே அரசுப் பள்ளிக்கு நிதி, அன்றாட வருகைக் கணக்கின்படிதான் வருகிறது. மாணவருக்கான அடிப்படைத் தொகை 2019 முதல் 6,160 டாலரிலேயே நின்று, 2025இல் 55 டாலர் மட்டும் கூடியது. ஒரு பிள்ளை விலகினால் அந்தப் பங்கு போகும். பேருந்தும் கட்டடமும் கேட்கும் செலவு அப்படியே இருக்கும். நம்மில் பலர் வீடு தேடுவதே நல்ல அரசுப் பள்ளியை நம்பித்தான். அந்தப் பள்ளிகள் மெலிவது நமக்கும் இழப்பு.

மாறுவதென்றே முடிவெடுத்தால், தனியார் பள்ளியின் சேர்க்கைக் கடிதமும் கணக்கு உறுதியான அறிவிப்பும் கைக்கு வரும்வரை அரசுப் பள்ளியில் விலகல் படிவம் கொடுக்காதீர்கள். வந்த பிறகு கட்டாயம் கொடுங்கள். கொடுக்காமல் நின்றுவிட்டால் வராத நாட்கள் அனுமதியில்லா விடுப்பாகப் பதிவாகும்.