சூரியனுக்கு முதுகைக் காட்டுங்கள்: குமரிக் கடற்கரையில் தூரத்து வானொலி பிடிப்பது எப்படி

கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் காலையில் கிழக்கே பார்த்து நிற்பார்கள், மாலையில் மேற்கே. தூரத்து வானொலி கேட்க விரும்புகிறவர் இதை அப்படியே திருப்பிப் போட வேண்டும். விடியலில் மேற்குக் கடல், அந்தியில் கிழக்குக் கடல். காமிராவைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஒரு பக்கம் ஓடும்போது நீங்கள் மறுபக்கம் ரேடியோவோடு உட்கார்ந்திருந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள் என்று பொருள்.

காரணம் எளிது. நான் இங்கே பேசப்போவது மத்திய அலை, அதாவது பழைய ரேடியோக்களில் எம்டபிள்யூ என்று போட்டிருக்குமே, அது. பகலில் சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் டி அடுக்கு என்று ஒன்று வெயிலால் உருவாகி, மேலே போகும் மத்திய அலையை விழுங்கிவிடும். அதனால் பகலில் பக்கத்து ஊர் நிலையங்கள் மட்டும்தான் கேட்கும். பொழுது சாய்ந்ததும் டி அடுக்கு கரைந்துவிடும். அதற்கும் மேலே உள்ள அடுக்குகளில் அலை பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான, சில நாள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி இறங்கும். ஆக, எந்தப் பக்கம் இருட்டோ அந்தப் பக்கத்து நிலையம்தான் வரும். நமக்குச் சூரியன் மறையும்போது தாய்லாந்தும் மலேசியாவும் ஏற்கெனவே இருட்டில் இருக்கின்றன. நமக்கு விடியும்போது ஓமனில் விடிய இன்னும் ஏறக்குறைய ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும்.

இதை மொட்டைமாடியிலேயே கேட்கலாமே, கடற்கரை எதற்கு? கடல்நீர் உப்பு கலந்தது, மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதன் கடத்துத்திறன் மீட்டருக்குச் சுமார் 5 சீமென்ஸ். காய்ந்த நிலத்துக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. தூரத்திலிருந்து வரும் அலை கீழ்வானத்தை ஒட்டித் தாழ்வாக வருகிறது. நிலத்தின்மேல் வந்தால் கடைசிச் சில கிலோமீட்டரில் சோர்ந்துவிடும். கடல்மேல் வந்தால் தெம்பாக வந்து சேரும். இந்தச் சலுகை கடல்நீர் கரையைத் தொடும் இடத்துக்கு அருகில்தான். தென்னந்தோப்பைத் தாண்டி ஊருக்குள் போகப் போகக் குறைந்துவிடும்.

1. ரேடியோ

புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் எண் காட்டும் டிஜிட்டல் ரேடியோவே வாங்குங்கள். டெக்சன், எக்ஸ்எச்டேட்டா போன்ற சிறிய பெட்டிகள் போதும். வீட்டில் அப்பா காலத்து முள் நகரும் ரேடியோ இருந்தால் அதுவும் கேட்கும். ஆனால் முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று ஊகித்தே பொழுது போய்விடும்.

வாங்கியதும் முதல் வேலை: மத்திய அலையில் எண் ஒவ்வொரு தாவலுக்கும் 9 கிலோ ஹெர்ட்ஸ் நகர்கிறதா என்று பாருங்கள். நம் பக்கம் நிலையங்கள் 531இல் தொடங்கி 9, 9 ஆகத் தள்ளி 1602 வரை நிற்கின்றன. அமெரிக்காவில் 10, 10 ஆக. என் முதல் டிஜிட்டல் பெட்டி 10இல் வைத்து வந்திருந்தது, எனக்குத் தெரியாது. சென்னை 720 ஜோராகக் கேட்டது. தூத்துக்குடி 1053 மட்டும் கரகரவென்று, தொண்டை கட்டியவர் பேசுவதுபோல. பெட்டி 1050இல் நின்றுகொண்டு 1053ஐக் கேட்க முயன்றிருக்கிறது! ஒரு வாரம் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம். ரேடியோவை அணைத்துவிட்டு ஏதோ ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் 9க்கு மாறும்; எந்தப் பட்டன் என்பது கூடவே வரும் கையேட்டில் இருக்கும்.

நம் பக்கத்து மத்திய அலை எண்ணை எடுத்து, இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் 9 வரும். 720 என்றால் 7+2+0. 1053 என்றால் 1+0+5+3. 882 என்றால் 18, பிறகு 1+8. வராவிட்டால் ரேடியோ நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, நிலையத்தில் இல்லை.

2. இடம்

அந்திக்குக் கன்னியாகுமரியின் கிழக்குப் பக்கக் கரை, வட்டக்கோட்டைப் பக்கம். விடியலுக்கு சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம், இன்னும் மேற்கே தேங்காப்பட்டணம். முட்டத்தில் கலங்கரை விளக்கத்தருகே உயரமான பாறை இருக்கிறதே என்று ஏற வேண்டாம். மத்திய அலைக்கு உயரத்தால் பெரிய லாபமில்லை. தண்ணீருக்குப் பக்கம் என்பதுதான் லாபம்.

இடம் நல்லதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. நிலையம் எதுவும் இல்லாத ஓர் எண்ணில் ரேடியோவை வைத்து ஒலியைக் கூட்டிக்கொண்டு நடங்கள். எல்இடி தெருவிளக்கு, கடைகளின் இன்வெர்ட்டர், செல்போன் சார்ஜர் எல்லாம் ஒரு விதமான "ர்ர்ர்" சத்தத்தை உமிழும். அது எங்கே அடங்கி வெறும் "ஸ்ஸ்" மட்டும் மிஞ்சுகிறதோ, அங்கே பாயை விரியுங்கள். உங்கள் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு நான்கடி தள்ளி வையுங்கள்.

3. போவதற்கு முன்

கடலைப் பற்றி ஒரு வார்த்தை. வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது, ஆனாலும் எங்கோ தெற்கே உண்டான பெரிய அலைகள் திடீரென்று கரையேறும். இங்கே அதைக் கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரைக் கடல் கொண்டுபோனது. கள்ளக்கடல் எச்சரிக்கை வந்திருந்தால் அன்றைக்குப் போகாதீர்கள். மற்ற நாளிலும் ஈரமணலின் மேல்விளிம்புக்கு அப்பால், மேட்டில் உட்காருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மின்னல் வெட்டினால் ஆன்டெனா வயரை (அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்) சுருட்டுவதற்கெல்லாம் நிற்க வேண்டாம், அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்று. இருட்டில் கரையில் வயரும் கம்பும் வைத்துக்கொண்டு ஒருவர் காதில் எதையோ மாட்டி உட்கார்ந்திருந்தால், ரோந்து வருகிற போலீஸ் கேட்கத்தான் செய்வார்கள். அடையாள அட்டை எடுத்துப் போங்கள். இயர்போனைக் கழற்றி அவர்களிடமே கொடுங்கள். பாட்டு கேட்டதும் சிரித்துவிட்டுப் போவார்கள். கேட்பது பொதுமக்களுக்கான ஒலிபரப்பு மட்டும் என்பதில் கறாராக இருங்கள். கப்பல், போலீஸ், கடற்படைப் பேச்சுகளைத் தேடிப் போகாதீர்கள்.

4. பெட்டியைத் திருப்பக் கற்றுக்கொள்ளுங்கள்

பலர் தவறவிடுவது இதைத்தான். மத்திய அலைக்கு நீட்டுகிற ஆன்டெனா வேலை செய்யாது. பெட்டிக்குள் மேல்பக்கம் கறுப்பாக ஒரு ஃபெரைட் கம்பி படுத்திருக்கும், அதுதான் ஆன்டெனா. அதன் பக்கவாட்டில் இருந்து வரும் நிலையம் பலமாகக் கேட்கும். அதன் முனை பார்க்கும் திசையிலிருந்து வருவது மங்கிப்போகும். கிழக்கே பார்த்து உட்கார்ந்து, ரேடியோவின் முகம் உங்களைப் பார்க்கும்படி வைத்தால் கிழக்கத்திய நிலையங்களுக்கு அது சரியான நிலை.

மங்கச் செய்வதுதான் இதில் பெரிய வித்தை. தூத்துக்குடியின் 1053 நமக்கு வடகிழக்கே சுமார் நூறு கிலோமீட்டரில் இருக்கிறது, 200 கிலோவாட். பக்கத்து 1044, 1062 இரண்டிலும் அதன் சத்தம் வழியும். 1062இல் வைத்து, ரேடியோவை மணலில் மெல்ல, கடிகார முள் நகர்வதுபோலத் திருப்புங்கள். பெட்டியின் ஒரு முனை வடகிழக்கைத் தொடும்போது சட்டென்று ஒரு பள்ளம் வரும், தூத்துக்குடி அமுங்கிவிடும். விரலளவு தாண்டினால் பள்ளம் போய்விடும், திரும்ப வாருங்கள். அந்தப் பள்ளத்துக்குள் அதுவரை கேட்காத ஏதோ ஒரு மொழி லேசாக எழுந்து வரும். முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பக்கத்து நிலையங்கள்தான் இப்படிக் கூர்மையாக அமுங்கும். வானத்தில் பட்டு வரும் தூரத்து நிலையங்கள் அவ்வளவு சுலபத்தில் அமுங்காது. நமக்கு வேண்டியதும் அதுதானே.

5. முதல் மாலை

இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் மாலை 6 மணிக்கும் 6.45க்கும் இடையில் மறைந்துவிடும். அரை மணி முன்னதாகப் போய் உட்காருங்கள். முதலில் தெரிந்த ஆட்கள்: திருவனந்தபுரம் 1161, திருநெல்வேலி 1197, தூத்துக்குடி 1053. இவை கேட்டால் பெட்டி சரி. (அகில இந்திய வானொலி பல மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்களை அண்மை ஆண்டுகளில் நிறுத்தியிருக்கிறது. ஒன்று கேட்கவில்லை என்றால் உடனே பெட்டியைச் சந்தேகிக்க வேண்டாம்.) இருட்ட இருட்ட சென்னை 720 ஏறி வரும்.

அப்புறம் 882. இலங்கையின் புத்தளத்திலிருந்து வரும் கிறிஸ்தவ ஒலிபரப்பு, 400 கிலோவாட். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், புத்தளம் கிட்டத்தட்ட நமக்கு நேர் கிழக்கே, மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் சுமார் 250 கிலோமீட்டர். நடுவில் கிட்டத்தட்ட முழுக்க உப்புத்தண்ணீர்தான். இந்தக் கரையில் முதல் வெளிநாட்டு நிலையமாக இதைத்தான் எல்லாருக்கும் சொல்வேன். இந்திய மொழிகள் பலவற்றில் மாறி மாறிப் பேசுவார்கள். தமிழ் வரும்வரை பொறுமையாக இருங்கள்.

இலங்கை வானொலி நம் கரைக்குப் புதிதல்ல. கொழும்பில் 1925 டிசம்பரிலேயே ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. அப்துல் ஹமீது, கே.எஸ். ராஜா குரல்களை இங்கே ஒரு தலைமுறையே காது கொடுத்துக் கேட்டது. எங்கள் அம்மா இன்றைக்கும் ரேடியோவை "சிலோன்" என்றுதான் சொல்வார், நாகர்கோவில் பண்பலை ஓடிக்கொண்டிருந்தாலும்.

882 கிடைத்த பிறகு 531க்குப் போய் ஒவ்வொரு எண்ணாக ஏறுங்கள். ஓர் எண்ணில் குறைந்தது இருபது விநாடி. தூரத்து நிலையம் ஏறி இறங்கித்தான் வரும். நீங்கள் வரும்போது அது இறங்கியிருந்தால் காலியாக இருப்பதுபோல் தெரியும். மணி முழுதாக ஆகும்போது எந்த எண்ணில் சந்தேகமோ அதில் போய் நில்லுங்கள். நிலையங்கள் பெயர் சொல்வது பெரும்பாலும் அப்போதுதான்.

6. கொஞ்சம் பழகிய பிறகு ஒரு வயர்

பத்து மீட்டர் மெல்லிய இன்சுலேட்டட் வயர், ஒரு நீளமான தூண்டில் கம்பு. கம்பை மணலில் ஊன்றி வயரை அதில் மேலே ஏற்றுங்கள். கீழே வரும் வயரை ரேடியோவின் உடம்பைச் சுற்றி எட்டுப் பத்துச் சுற்று சுற்றி, மீதி முனையை ஒரு செம்புக் கம்பியில் கட்டி ஈரமணலில் சொருகுங்கள். ரேடியோவைத் திறக்கவோ பற்றவைக்கவோ தேவையில்லை. சுற்று வழியாகச் சிக்னல் உள்ளே இருக்கும் ஃபெரைட்டுக்குத் தாவிவிடும். உப்பு ஈரம் இருப்பதால் எர்த் பிரமாதமாகக் கிடைக்கும். வீட்டில் குழாயில் கட்டிப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் புரியும். சத்தம் ஒரேயடியாகக் குழம்பினால் சுற்றைக் குறையுங்கள்.

முட்டத்தில் ஒரு விடியலில் இப்படிக் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தபோது வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கேட்டார்: "மக்களே, கம்பு இருக்கு, தூண்டிமுள்ளைக் காணல்லியே. என்னத்த பிடிக்க?"

"ஸ்டேஷன் பிடிக்கேன் பாட்டா."

பக்கத்தில் வந்து உட்கார்ந்து இயர்போனை வாங்கி ஒரு காதில் வைத்தார். அரபியில் ஏதோ ஓதல் ஏறி ஏறி இறங்கியது. ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஓமன்ல நான் இருந்தப்போ விடியக்காலம் இதான் கேக்கும்" என்றார். அன்றைக்குக் கட்டஞ்சாயா அவர் கணக்கு.

7. எழுதி வையுங்கள்

நினைவில் நிற்காது, நோட்டு வேண்டும். எண், நேரம், மொழி, என்ன கேட்டது, எவ்வளவு தெளிவு. நேரத்தை உலக நேரத்தில் எழுதப் பழகுங்கள், நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்தால் போதும். மாலை 6.30 என்றால் 13:00. தெளிவுக்கு சின்போ என்று ஒரு முறை உண்டு: சிக்னல் பலம், குறுக்கீடு, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்தத்தில் எப்படி என ஐந்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், 5 என்றால் நன்று. நிலையத்துக்கு இந்த விவரங்களோடு கடிதமோ மின்னஞ்சலோ போட்டால், சரிபார்த்து, நீங்கள் கேட்டது உண்மைதான் என்று வண்ண அட்டை அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "நிகழ்ச்சி நன்றாக இருந்தது" என்று மட்டும் எழுதினால் அட்டை வராது. எத்தனை மணிக்கு என்ன பேசினார்கள் என்று எழுதுங்கள்.

8. வீட்டுக்கு வந்ததும்

எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் அப்படியே பையில் போட்டு வைக்காதீர்கள். உப்புக்காற்று ஒரே மாதத்தில் பேட்டரி முனையைப் பச்சையாக்கிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் பெட்டியையும் ஆன்டெனாவையும் துடையுங்கள், பிறகு காய்ந்த துணியால். பட்டன் இடுக்கில் மணல் இருந்தால் பழைய பல்துலக்கும் பிரஷ். பேட்டரியைக் கழற்றி, மூடியைத் திறந்தபடியே ஒரு ராத்திரி வையுங்கள். செம்புக் கம்பியையும் கழுவி எடுத்து வைத்துவிட்டால் காலையில் மேற்குக் கரைக்குக் கிளம்பத் தயார், அலாரம் நாலரைக்கு.