குடியிருப்போர் நலச் சங்கங்கள் சறுக்கும் இடங்கள்

தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை என்றால் முதலில் தட்டப்படுவது சங்கச் செயலாளர் வீட்டுக் கதவுதான். ஆனால் ஒரு பல்பைக்கூடத் தானாக மாற்றும் அதிகாரம் சங்கத்துக்குக் கிடையாது. கேட்கும் உரிமை, கேட்டதற்கான சான்று, உறுப்பினர்கள் நம்பிக் கொடுக்கும் சந்தா, இவைதான் அதன் கையிருப்பு. உற்சாகமாக ஆரம்பித்த பல சங்கங்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் பெயர்ப்பலகையோடு நின்றுபோவதற்குக் காரணம் இவற்றில் ஏதோ ஒன்று கைநழுவுவதுதான். சென்னையிலும் புறநகரிலும் தனிவீடுகள் நிறைந்த நகர்களில் இயங்கும் சங்கங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது இது.

செயலாளரின் செல்போன் எண்ணுக்கு சந்தா

இதைவிடப் பெரிய தவறு இல்லை என்றே சொல்லலாம். வசதி என்று தொடங்குவார்கள். ஆறே மாதத்தில் எது வீட்டுப் பணம், எது சங்கப் பணம் என்று பிரிக்க முடியாது. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பணம் சட்டப்படி வாரிசுகளிடம் போய் நிற்கும். சங்கத்தைப் பதிவு செய்த கையோடு சங்கத்தின் பெயரில் பான் எண் வாங்குங்கள். பதிவுச் சான்றிதழ், துணைவிதி (சங்கத்தின் நடைமுறை விதிகள்), செயற்குழுத் தீர்மானத்தின் நகல் ஆகியவற்றைக் கொடுத்து வங்கிக் கணக்கு தொடங்கலாம். பணம் எடுக்க இரண்டு கையெழுத்து கட்டாயம் என்று வையுங்கள். க்யூஆர் அட்டையும் அந்தக் கணக்குக்கே இருக்கட்டும்.

ரசீதுப் புத்தகத்தில் வரிசை எண் அச்சாகியிருக்க வேண்டும். தப்பாக எழுதிய ரசீதைக் கிழித்து எறியக்கூடாது. 'ரத்து' என்று குறுக்கே எழுதி, இரண்டு பிரதியையும் புத்தகத்திலேயே வைக்க வேண்டும். ஒரு எண் காணாமல் போனால், தணிக்கையாளருக்கு முன்பே உறுப்பினர்கள் சந்தேகப்படுவார்கள். கேமராவுக்கென்று வசூலித்த பணத்தைப் பொங்கல் விழாவுக்கு எடுத்துவிட்டு "அப்புறம் சரிக்கட்டலாம்" என்பதும் ஆபத்து. தனி நோக்கத்துக்கு வாங்கியதைக் கணக்கில் தனித் தலைப்பில் காட்டுங்கள்.

பதிவோடு வேலை முடிந்தது என்ற நினைப்பு

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் 7 பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம். அதற்குப் பிறகுதான் பலரும் அசந்துவிடுகிறார்கள். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும். வரவு செலவுக் கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகிகள் மாறினால், அந்த மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம் 7-ஐ மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. புதிய பொருளாளர் காசோலையில் கையெழுத்திடப் போகும்போது, பதிவாளர் அலுவலகக் கோப்பில் பழைய நிர்வாகிகள் பெயரே இருப்பதைக் காட்டி வங்கி நிறுத்தும். அதற்குள் பழைய செயலாளர் வீட்டை விற்றுவிட்டு வேறு ஊர் போயிருப்பார்.

வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டியதைத் தீர்மானம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பேசுவதற்கு வாட்ஸ்அப் குழு போதும். செலவு செய்வதற்கு, தேதியும் வந்தவர் கையெழுத்தும் முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரும் உள்ள தீர்மானப் புத்தகம் வேண்டும்.

ஒரே மனுவில் ஊர்க்குறை அத்தனையும்

"எங்கள் பகுதியில் விளக்கு எரிவதில்லை, சாக்கடை வழிகிறது, மின்கம்பி தொங்குகிறது, ஆவன செய்யவும்." இப்படி ஒரு மனு போனால் முதல் மேசையிலேயே படுத்துவிடும். சென்னையில் விளக்கும் குப்பையும் மழைநீர் வடிகாலும் மாநகராட்சி, அதிலும் வேறு வேறு பிரிவுகள். குடிநீரும் பாதாளச் சாக்கடையும் குடிநீர் வாரியம். தொங்கும் கம்பி மின்வாரியம். ஒரு மனுவுக்கு ஒரு குறை என்று பிரித்து எழுதுங்கள்.

இடத்தையும் துல்லியமாகச் சொல்லுங்கள். "மூன்றாவது குறுக்குத் தெரு, கதவு எண் 14-க்கு எதிரே உள்ள கம்பம், கம்பத்தில் எழுதியிருக்கும் எண் இது, இந்தத் தேதியிலிருந்து எரியவில்லை" என்று இருந்தால் லைன்மேன் நேராக அங்கே வந்து நிற்பார். மாநகராட்சிக்கு 1913, குடிநீர் வாரியத்துக்கு 044-4567 4567, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987. எதில் சொன்னாலும் புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். தேதி, குறை, புகார் எண், பேசியவர் பதவி, முடிந்த நாள் என்று ஐந்து பத்தி போட்ட ஒரு நோட்டு போதும். வேலை நடக்காமலே 'தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தால், அன்றைய படத்தோடு மறுபடி புகார் கொடுங்கள். நேரில் கொடுக்கும் மனுவின் நகலில் தபால் பிரிவின் முத்திரை வாங்குங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கும்போது சங்கத்தின் பெயரில் விண்ணப்பிக்க வேண்டாம். அந்த உரிமை குடிமக்களுக்குத் தரப்பட்டது என்பதால் நிராகரிக்க இடமாகிவிடும். ஒரு நிர்வாகி தன் சொந்தப் பெயரில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கட்டும். "ஏன் சாலை போடவில்லை?" என்று கேட்காமல் "இந்தத் தெருவுக்கான பணி ஆணையின் நகல், மதிப்பீட்டின் நகல், அளவுப் புத்தகத்தின் நகல்" என்று ஆவணமாகக் கேளுங்கள். பதில் தர 30 நாள் கெடு உண்டு.

சாலை போட ஆள் வரும் முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது. வாசற்படிக்கும் சாலைக்கும் உள்ள உயரத்தை டேப் வைத்து அளந்து படம் எடுத்துவிடுங்கள். பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருக்கிறார். அப்படிச் செய்யாமல் மேலே மேலே போட்டால் மழைத்தண்ணீர் தெருவை விட்டு வீட்டுக்குள் வரும். ஒப்பந்ததாரரிடம் பேச வேண்டியது சுரண்டும் நாளில்தான். தார் கொட்டிய பிறகு பேசிப் பயனில்லை.

அதிகாரம் இல்லாத இடத்தில் கை வைப்பது

தெரு முனையில் இரும்புக் கதவு போட்டுப் பூட்டுவது இதில் முதல் வகை. அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவில் சாலையும் பூங்கா இடமும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போனவை. சங்கம் பராமரிக்கலாம்; யார் வரலாம் என்று தீர்மானிக்க முடியாது.

இரண்டாவது, ராத்திரியோடு ராத்திரியாக சிமெண்டில் கட்டும் வேகத்தடை. சாலைகளுக்குத் தர அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைப் பேரவையின் (ஐஆர்சி) அளவுப்படி உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், வளைவு மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். ஒரு அடி அகலத்தில் செங்குத்தாக எழுப்பினால் வண்டி வேகம் குறையாது, கர்ப்பிணியின் இடுப்பும் முதியவரின் முதுகும்தான் அடிபடும். வேகத்தடை வேண்டுமென்றால் மாநகராட்சியிடமும் போக்குவரத்துக் காவல்துறையிடமும் எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது உயிர் சம்பந்தப்பட்டது. மேன்ஹோல் அடைத்துக்கொண்டால் "யாராவது ஆளைக் கூப்பிட்டு இறக்கிவிடலாம், ஆயிரம் ரூபாய் கொடுத்தால் போதும்" என்று எந்தச் சங்கக் கூட்டத்திலும் யாரும் பேசக்கூடாது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு மிகும்போது மூக்கின் வாசனை உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் குறைந்துவிட்டது, விஷவாயு போய்விட்டது என்று நினைக்கும்போதே ஆள் சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் பிழைப்பதில்லை. கையால் கழிவு அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பின்றி ஆளை இறக்கினால் முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. அழைத்தது சங்கம் என்றால் சங்க நிர்வாகிகள்தான் பதில் சொல்ல வேண்டும். குடிநீர் வாரியத்தின் இயந்திர வண்டி வரும்வரை காத்திருங்கள்; கழிவுநீர்த் தொட்டி என்றால் 14420-ஐ அழையுங்கள். அந்த இரண்டு நாள் நாற்றத்தைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கேமரா மாட்டிவிட்டு மறந்துவிடுவது

கேமரா எத்தனை என்று பேரம் பேசுபவர்கள் ஹார்டு டிஸ்க்கைக் கவனிப்பதில்லை. 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று, நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 21 ஜிபி பிடிக்கும். எட்டு கேமராவுக்கு 170 ஜிபி. ஒரு டிபி, அதாவது சுமார் 1,000 ஜிபி, டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது. ஏழாம் நாள் காவலர் வந்து கேட்கும்போது திருட்டு நடந்த இரவின் மேல் புதுப்பதிவு ஏறியிருக்கும். 30 நாள் வேண்டுமென்றால் 6 டிபி போடுங்கள். இரவில் அகச்சிவப்பு ஒளிக்குப் பூச்சிகள் வரும், அதைத் தின்னச் சிலந்தி வந்து லென்ஸ் முன்னாலேயே வலை கட்டும். மாதம் ஒரு முறை ஒட்டடைக் கம்பால் துடைக்க ஒருவரை நியமியுங்கள். திரையில் ஓடும் தேதியும் நேரமும் சரியா என்று அப்போதே பார்த்துவிடலாம். மின்வெட்டைத் தாங்க யுபிஎஸ் இல்லாவிட்டால், தேவைப்படும் இரவில்தான் பதிவு இருக்காது.

சாவியை மட்டும் ஒப்படைப்பது

புதிய நிர்வாகக் குழு பொறுப்பேற்கும் நாளில் ஒரு பட்டியல் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். பதிவுச் சான்றிதழின் அசல், துணைவிதி, பான் அட்டை, தீர்மானப் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, பயன்படுத்திய ரசீதுப் புத்தகங்களும் வெற்றுப் புத்தகங்களும், காசோலைப் புத்தகம், முடியாத புகார்களின் நோட்டு, பதிவுத்துறை இணையதளத்தின் கடவுச்சொல், கேமரா பதிவுக் கருவியின் கடவுச்சொல். கடைசி இரண்டும்தான் எப்போதும் விட்டுப்போகின்றன. காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு ஒட்டிப் புதிய தலைவரிடம் கொடுத்துவிடுங்கள்.